ஆள் இல்லை என்றால் துன்பம் யாருடையது?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அதில் மூன்று கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். பார்க்க வந்த உறவினர் ஒருவர், சைவ சித்தாந்த வகுப்புக்கெல்லாம் போனவர், "பழைய வினை, அனுபவிச்சுத்தான் கழிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நண்பர் கொடுத்த பௌத்த நூலில் "துன்பம் உண்டு, துன்பப்படுபவர் இல்லை" என்று படித்திருக்கிறீர்கள். "ஆளே இல்லை என்றால் நான் யாருக்குக் கஞ்சி ஊட்டுகிறேன்? வினைதான் என்றால் எதற்கு ஊட்ட வேண்டும்? இரண்டில் எது சரி?" என்று கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்; நூற்றாண்டுக் கணக்கில் வாதாடித் தீராத வழக்கு அது. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் தத்தம் தரிசனத்துக்குள் என்ன பொருளில் நிற்கின்றன, அவற்றிலிருந்து நீங்கள் பயப்படும் முடிவு வருமா என்பதைச் சொல்ல முடியும். வராது என்பதே என் பதில். பராமரிப்பவரின் உடல் அலுப்பும் மனச்சோர்வும் வேறு துறை. அதற்கு மருத்துவரைப் பாருங்கள், தத்துவத்தை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

முதலில் உங்கள் பௌத்த நூல். அந்த வாக்கியம் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாலி நூலின் 16ஆம் அத்தியாயத்தில் வருவது. துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கு வாய்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்த பிறகு, துன்பம் உண்டு ஆனால் துன்புறுபவன் என்று ஒருவன் அகப்படவில்லை, செயல் உண்டு ஆனால் செய்பவன் அகப்படவில்லை என்று முடிக்கிறார். அது தியானப் பயிற்சியில் இருக்கும் துறவிக்கு, தன் உள்ளத்தைத் தானே உற்றுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த குறிப்பு. நோயாளியின் கட்டிலருகே நின்று அடுத்தவரைப் பற்றிச் சொல்வதற்காக எழுதியதல்ல. இந்த இடமாற்றத்தில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆள் அகப்படவில்லை என்பதன் பொருள், நாம் ஆள் என்று அழைப்பதைப் பிரித்தால் ஐந்து கந்தங்களே, அதாவது ஐந்து கூறுகளே, எஞ்சும் என்பது. மணிமேகலை 30ஆம் காதை அவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. உங்கள் அப்பாவின் தோள் வலிக்கிறது என்று வையுங்கள். தோள் உருவு. 'சகிக்க முடியவில்லை' என்ற படுதல் நுகர்ச்சி. இது தோள் வலி, நேற்று வந்ததே அதுதான் என்று அடையாளம் காண்பது குறிப்பு. பல்லைக் கடிப்பதும், 'இனி இப்படியேதானா' என்று மனம் ஓடுவதும் பாவனை. இத்தனையும் தெரியவருவது அறிவு. இவை ஐந்தையும் எண்ணி முடித்த பின், ஆறாவதாக ஓரமாக உட்கார்ந்து இவற்றுக்கெல்லாம் சொந்தக்காரன் நான் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பதே பௌத்தக் கட்சி. கவனியுங்கள்: வலி இல்லை என்று சொல்லவில்லை, கஞ்சி குடிக்கும் வாயும் பசியும் இல்லை என்றும் சொல்லவில்லை. மறுக்கப்படுவது மாறாத ஓர் உடைமையாளர் மட்டும்தான்.

இந்தக் கட்சியைத் தமிழில் மிகக் கூர்மையாகச் சொன்ன பாட்டு குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தில் இருக்கிறது. காப்பியம் தொலைந்துவிட்டது, தொகை நூல்களிலும் உரைகளிலும் மேற்கோளாகத் தப்பிய சில பாடல்களே கைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று: "பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும் காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும் மீளும் இவ்வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி நாளும் நாள் சாகின்றாமால் நமக்கு நாம் அழாதது என்னோ." செத்துப் போனவருக்காக அழுபவரைப் பார்த்துச் சொல்வதுபோல் அமைந்த பாட்டு. வளர்தல், மாறுதல் என்று நாம் மெத்தென்று சொல்வதற்கெல்லாம் 'செத்தும்' என்ற ஒரே வினையைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. குழந்தை வளர்ந்து பையனாகவில்லை. குழந்தை செத்தது, பையன் வந்தான். இடையில் மாறாமல் கடந்து வந்த ஒருவர் இல்லை. இதைக் கேட்டதும் "அப்படியானால் நேற்றுக் கடன் வாங்கியவன் நான் இல்லையே" என்று யாருக்கும் தோன்றும். குண்டலகேசிக்கு மறுப்பாக நீலகேசி எழுதிய சமணரும் பிறகு சைவரும் இந்த இடத்தில்தான் பிடித்தார்கள்: செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றால் அறம் என்ன ஆகிறது? பௌத்தரின் பதில், அவனேயும் அல்லன், வேறொருவனும் அல்லன். முந்தைய கணம் பிந்தைய கணத்துக்குக் காரணமாகும் தொடர்ச்சி போதும் என்பது. இந்தப் பதில் போதுமா என்பதில் எனக்கே நாளுக்கொரு எண்ணம். ஆனால் பதில் இல்லாமல் அவர்கள் இருந்ததாக நினைப்பது தவறு.

உங்கள் கேள்வியை அப்படியே புத்தரிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். மோலியபக்குனர் என்ற பிக்கு, "நுகர்கிறவர் யார்?" என்று கேட்கிறார். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயம் என்ற பாலி நூலில் உள்ள உரையாடல் இது. கேள்வி சரியாக இல்லை, 'எது காரணமாக நுகர்ச்சி உண்டாகிறது?' என்று கேள், அதற்குப் பதில் உண்டு என்கிறார் புத்தர். பதில், ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் பன்னிரு சார்புகளின் சங்கிலி. மணிமேகலையின் சொற்களில் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். காப்பியம் இதை நான்கு கண்டமாகப் பிரித்து, கண்டத்துக்குக் கண்டம் சேருமிடத்தைச் சந்தி என்கிறது. இரண்டாவது சந்தி நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே விழுகிறது. பயிற்சி நுழையக்கூடிய வாசல் அதுதான். வலி வந்தாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. 'இது எனக்கா, ஏன் எனக்கு, போய்த் தொலையட்டும்' என்று அதன்மேல் ஏறும் வேட்கையைத்தான் தளர்த்த முடியும். நடைமுறையில் எங்கே கெடுகிறது என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் இந்தச் சந்தியை நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறார்கள்: "நீங்கதான் மனசைக் கட்டுப்படுத்தணும்." நூலில் அது தனக்குத் தான் செய்துகொள்வது. அடுத்தவருக்கு விதிக்கும்போது பயிற்சி குற்றச்சாட்டாக மாறிவிடும்.

இனி சைவ சித்தாந்தம். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். மூன்றாவது சூத்திரம் முழுக்க ஆள் உண்டு என்று நிறுவுவதற்கே செலவாகிறது: "உளதில தென்றலின் எனதுடல் என்றலின் ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில் உண்டிவினை இன்மையின் உணர்த்த உணர்தலின் மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா." ஏழு காரணம், ஏழு எதிரிகள். 'இல்லை' என்று சொல்லும் அறிவு ஒன்று உள்ளதே, அது உயிர். 'என் உடல்' என்று உடைமையாகப் பேசுகிறோம், ஆகவே உடல் உயிரல்ல. ஐந்து புலனும் தனித்தனி. ஐந்தையும் சேர்த்து அறிவது வேறு. கனவில் கண்டதை விழித்தபின் அறிவதால் நுண்ணுடலும் உயிரல்ல. தூக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் செய்வதும் இல்லை. ஆகவே மூச்சும் உயிரல்ல. உணர்த்தினால்தான் உணர்கிறது, ஆகவே அது கடவுளும் அல்ல. கடைசியாக, இவை எல்லாம் சேர்ந்த கூட்டமும் உயிரல்ல. அது மாயையின் இயந்திரம், அதற்குள் இருப்பது வேறு.

ஏழாவது காரணம் பௌத்தர்மீது குறிவைத்தது என்று உரை வழியில் பாடம் சொல்வார்கள். என் கணிப்பில் அந்த அம்பு கொஞ்சம் தள்ளித்தான் விழுகிறது. கந்தங்களின் கூட்டமே உயிர் என்று பௌத்தர் சொல்லவில்லை. உயிர் என்று ஒன்று வேண்டியதில்லை என்றார்கள். அவர்களைத் தொடும் காரணம் முதலாவதுதான்: மறுக்கும் அறிவு யாருடையது? ஆறாவதும் பார்ப்பதைவிட வலுவானது, ஏனென்றால் சித்தாந்தம் எந்த வகை ஆளைக் காக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது. இந்த ஆன்மா தானே ஒளிரும் முழுமையல்ல. தானாக எதையும் அறிய மாட்டாது, அறிவிக்க வேண்டும். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் நிற்கும் கண்போல என்பார்கள். அநாதியாகவே ஆணவம், அதாவது அறிவை மறைக்கும் அழுக்கு, அதை மூடியிருக்கிறது. ஆக, பௌத்தர் 'சுதந்திரமான உடைமையாளர் இல்லை' என்று சொல்ல, சைவர் 'உடைமையாளர் உண்டு, ஆனால் சுதந்திரமானவர் அல்லர்' என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற அளவுக்கு இருவரும் எதிரெதிர் அல்லர். தன்னிறைவான, யாரையும் நம்பாத தனிமனிதர் என்று இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஆளை இரண்டு தரப்பும் ஏற்காது.

துன்பத்துக்கு வருவோம். உங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய்யல்ல. இப்பிறவியில் அனுபவிக்கும் இன்பதுன்பம் பிராரத்த வினை என்று சித்தாந்தம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அவர் மூன்று இடத்தில் வெட்டிவிட்டார். ஒன்று, வினை முதல் காரணம் அல்ல. ஆணவம், கன்மம் (வினை), மாயை என்ற மும்மலத்தில், அதாவது மூன்று அழுக்குகளில், மூலமலம் ஆணவம். அதைப் போக்கத்தான் மாயையிலிருந்து உடலும் உலகமும் கொடுக்கப்படுகின்றன. சிவஞானபோதத்தின் வழிநூலான சிவஞான சித்தியார் இதற்கு வண்ணாரைக் காட்டுகிறது: துணியின் அழுக்கை எடுக்கச் சாணியையும் உவர்மண்ணையும், அதாவது வேறு அழுக்குகளையே, சேர்த்து வெளுப்பதுபோல இறைவன் மலத்தால் மலத்தைக் கழுவுகிறான். இதன்படி துன்பம் தண்டனைக் கணக்கு அல்ல, வெளுப்பு. இரண்டு, வினை தானாகப் பலன் கொடுக்காது, அது சடம். கூட்டுவிப்பவன் இறைவன். இன்னாருக்கு இன்ன வினை என்று வாசிக்கும் அதிகாரம் பார்க்க வந்த உறவினருக்கு எந்தச் சூத்திரமும் கொடுக்கவில்லை. மூன்று, நீங்கள் ஊட்டும் கஞ்சியும் அதே ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. நோய் மட்டும் வினைவழி வந்தது, மருந்தும் மகனும் வெளியிலிருந்து குறுக்கே வந்த இடையூறு என்று பிரிக்க நூலில் இடமில்லை.

இந்த மரபில் துன்பப்பட்டவர் எப்படிப் பேசினார் என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். 7ஆம் நூற்றாண்டு அப்பரின் முதல் பதிகம் ஒரு வயிற்று நோயாளியின் பேச்சு. "கூற்றாயினவாறு விலக்ககிலீர் கொடுமை பல செய்தன நான் அறியேன்" என்று தொடங்குகிறது. அடுத்த பாட்டில் "வஞ்சம் இது ஒப்பது கண்டறியேன்" என்கிறார், வயிற்றைப் பிடித்து முடக்கும் வலியைச் சொல்லி "அஞ்சேலும் என்னீர்" என்கிறார். பயப்படாதே என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறீரே என்று நேருக்கு நேர் கேட்கிறார். இவரிடம் போய் உங்கள் உறவினர் "வினை, கழிக்கணும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். தான் செய்த கொடுமை எது என்றே தெரியவில்லை என்கிறவர் அவர். சமண மடத்தில் இருந்தவரை மீட்கச் சிவனே சூலை கொடுத்தான் என்பது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொல்லும் வரலாறு. பதிகத்துக்கும் அதற்கும் சுமார் ஐந்நூறு ஆண்டு இடைவெளி. பதிகத்தில் உறுதியாக இருப்பது வலியும் முறையீடும். மேலே பார்த்த குண்டலகேசிப் பாட்டு துன்பத்தைப் பிரித்துப் பார்க்கிறது. அப்பர் பாட்டு துன்பத்தை ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. முதலாவதுக்குக் கேட்பவர் தேவையில்லை, ஆராய்பவர் போதும். இரண்டாவதுக்குச் சொல்ல ஒருவர், கேட்க ஒருவர் என்று இரண்டு ஆள் கண்டிப்பாக வேண்டும். ஆன்மா உண்டா இல்லையா என்ற வாதம் வாழ்க்கையில் இறங்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வினை விஷயத்தில் பௌத்தத்தையும் தப்பாகப் படிப்பவர்கள் உண்டு. எல்லா நோவும் முற்பிறவிப் பயன் என்பது புத்தர் கொள்கை என்று பலர் எழுதுகிறார்கள். சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராய்த் திரியும் துறவி, இதையே கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணம் அடுக்குகிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், உடம்பைத் தாறுமாறாக நடத்துதல், பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்று. எல்லாமே முன்வினை என்று சொல்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார். அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில், வினைப்பயன் இப்படித்தான் என்று கணக்குப் போடப் போகாதே, மூளை குழம்பும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

சமூகத்துக்கு வருகிறேன், உங்கள் முதல் கேள்விக்கு விடை அங்கே இருப்பதால். துறவியர் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் எட்டாம் பகுதியில் ஒரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். ஆனந்தரோடு சுற்றிவந்த புத்தர் பார்த்து, உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்கிறார். இல்லை. ஏன்? "நான் மற்ற பிக்குகளுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை." ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் ஊற்ற ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை, நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் யார் பார்ப்பார்கள், எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். இது அறிவுரையோடு நிற்கவில்லை, சட்டமாகிறது: ஆசிரியர் இருந்தால் ஆசிரியர், மாணவர் இருந்தால் மாணவர், யாரும் இல்லையென்றால் சங்கம் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் குற்றம். நல்ல பராமரிப்பாளருக்கு ஐந்து தகுதி சொல்கிறது: மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து ஒத்துக்கொள்ளாததை அப்புறப்படுத்த வேண்டும், ஆதாயத்துக்காக இல்லாமல் பரிவோடு செய்ய வேண்டும், மலம், சிறுநீர், சளி, வாந்தி எடுத்துப்போட அருவருக்கக் கூடாது, அவ்வப்போது நல்ல பேச்சால் மனத்தைத் தேற்ற வேண்டும். நோயாளிக்கும் ஐந்து உண்டு. அதில் ஒன்று, நோய் கூடுகிறதா குறைகிறதா என்று உள்ளபடி சொல்வது. ஆன்மா இல்லை என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. "எனக்கு என்ன செய்தான்" என்ற கணக்கு ஒரு 'நான்' இருக்கும்வரை ஓடும். அந்தக் கணக்கைத்தான் இங்கே நிறுத்துகிறார்கள். கட்டிலில் கிடப்பவரை அல்ல. அதே மகாவக்கம் குட்டம், காசம், வலிப்பு உள்ளிட்ட ஐந்து நோய் உள்ளவர்களைச் சங்கத்தில் சேர்க்கத் தடை விதிக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சீவகர் என்ற வைத்தியரிடம் (மேலே வந்த பரிவிராசகர் அல்லர்) இலவச சிகிச்சை பெறுவதற்காகவே ஆட்கள் துறவு வாங்கத் தொடங்கியதைக் காரணமாகச் சொல்கிறது. கருணைக்கும் கொள்ளளவு என்று ஒன்று வந்துவிடுகிறது.

மணிமேகலை இதை இன்னொரு படி எடுத்துச் செல்கிறது. 11ஆம் காதையில் பசி என்ன செய்யும் என்ற பட்டியல்: "குடிப்பிறப்பு அழிக்கும் விழுப்பம் கொல்லும் பிடித்த கல்விப் பெரும்புணை விடூஉம் நாண் அணி களையும் மாண் எழில் சிதைக்கும் பூண்முலை மாதரொடு புறங்கடை நிறுத்தும் பசிப்பிணி என்னும் பாவி." ஒரு மனிதரை மனிதராக நிறுத்தியிருப்பவை ஒவ்வொன்றாக உரிகின்றன: குலப்பெருமை, மதிப்பு, கல்வி, நாணம், அழகு, கடைசியில் மனைவியோடு அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறார். ஐங்கந்தம் என்று ஏட்டில் பிரித்ததைப் பசி தெருவில் பிரித்துக் காட்டுகிறது. அதற்குச் சற்றுக் கீழே, திருப்பிச் செய்ய முடிந்தவர்க்குக் கொடுப்பது "அறவிலை பகர்வோர்" வேலை, அதாவது அறத்தை விற்கும் வியாபாரம் என்றும், "ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர் மேற்றே உலகின் மெய்ந்நெறி வாழ்க்கை" என்றும் வருகிறது. மகாவக்கத்துப் பிக்கு "நான் அவர்களுக்கு ஒன்றும் செய்ததில்லை" என்றாரே, அதற்கு இதுவே பதில்.

சைவத்தில் சமூகம் வேறு கதவு வழியாக நுழைகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் "அம்மலங் கழீஇ அன்பரொடு மரீஇ", அதாவது மலத்தைக் கழுவி அன்பரோடு கூடி, என்கிறது. ஞானம் பெற்றவருக்கும் அடியார் கூட்டம் எதற்கு? சார்ந்ததன் வண்ணமாகும் உயிர், நல்லதைச் சாராவிட்டால் பழைய இருளையே மறுபடி சாரும். ஆகவே கூட்டம் என்பது உபரியான நற்பண்பு அல்ல, உயிரின் அமைப்பே கேட்கும் தேவை. நோயில் தனித்து விடப்பட்டவருக்கு என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்து நேராக எடுக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் யார் வரலாம் என்ற இடத்தில் வரலாறு சூத்திரத்தின்படி நடக்கவில்லை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் (நந்தனார்) தில்லைக்குள் போக நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் பௌத்தத்துக்குப் போனதில் இந்தக் கதவு அடைப்புக்குப் பெரிய பங்குண்டு. அம்பேத்கர் பௌத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆன்மா இல்லாமல் வினையும் மறுபிறப்பும் எப்படி என்று கேட்டார், நான்கு வாய்மைகள் புத்தரின் மூல உபதேசம்தானா என்றும் ஐயப்பட்டார். மனிதர் மனிதருக்கு இழைக்கும் துன்பத்தை மையத்துக்குக் கொண்டுவந்தார். "அவன் வினை" என்ற வார்த்தை எந்தெந்த வாசல்களில் சொல்லப்பட்டது என்று தெரிந்தவருக்கு அவர் கேட்டதன் நியாயம் புரியும்.

ஆள் இல்லை என்பதிலிருந்து கருணைக்கு நேரடியாகப் பாலம் போட்டவர் 8ஆம் நூற்றாண்டு நாளந்தாவின் சாந்திதேவர். போதிசரியாவதாரம் என்ற தம் நூலின் எட்டாம் பகுதியில், துன்பத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, ஆகவே என் துன்பம் உன் துன்பம் என்ற வேலியும் இல்லை. துன்பம் என்பதாலேயே அது நீக்கத்தக்கது என்கிறார். காலில் வலி என்றால் கை ஏன் போகிறது, அது கையின் வலி இல்லையே என்று மடக்குகிறார். அழகான வாதம், ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது: சொந்தக்காரர் இல்லாத துன்பத்தை நீக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? சித்தாந்தத்துக்கும் இணையான ஓட்டை உண்டு. ஆணவம் ஏன் உயிரைப் பற்றியது என்று கேட்டால் 'அநாதி' என்ற ஒரு சொல்லோடு கதவு சாத்தப்படும். இரண்டையும் ஒட்டுப்போட முயல்பவர்களை நம்பாதீர்கள். ஓட்டையை ஒத்துக்கொண்டு மேலே பேசுபவர் உரையே படிக்கத் தக்கது.

எது உறுதி, எது ஐயம் என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே தந்த சூத்திரங்கள், பாடல்கள், பாலி உரையாடல்கள் நூலில் உள்ளவை, புரட்டிப் பார்க்கலாம். மணிமேகலையின் காலம் ஐயத்துக்குரியது. 29ஆம் காதையின் அளவை இயல் (தருக்கம்) நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு நெருங்குவதால் பிற்காலம் என்பாரும், முந்தையது என்பாரும் உண்டு. தமிழ்ப் பௌத்தர் என்ன நினைத்தார்கள் என்பதில் பாதி எதிரிகளின் எழுத்து வழியாகவே நமக்குத் தெரிகிறது. நீலகேசியில் பௌத்தர் தோற்பார், ஏனென்றால் அதை எழுதியவர் சமணர். சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிற மதங்களை மறுக்கும் பகுதியில், மறுக்கப்படும் பதினான்கு மதங்களில் நான்கு பௌத்தப் பிரிவுகள். அங்கேயும் அவர்கள் சார்பில் பேசுவது சைவ ஆசிரியர்தான். தோற்றவர் தரப்பை மணிமேகலை போன்ற அவர்களது சொந்த நூலில் சரிபார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

உறவினர் மறுபடி வந்தால் அவரிடம் வாதாட வேண்டாம். பன்னிரண்டாம் சூத்திரத்தைக் காட்டி, அன்பரொடு மருவுதல் என்றால் வாரத்தில் ஒருநாள் ராத்திரி வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் படிப்பதென்றால் விசுத்திமக்கத்தில் தொடங்காதீர்கள். அது பயிற்சியாளர் கையேடு, நடுவில் பிரித்தால் இப்படித்தான் பயமுறுத்தும். மணிமேகலை 11ஆம் காதையை முதலில் படித்துவிட்டு 30ஆம் காதைக்குப் போங்கள். சிவஞானபோதத்தை மூன்று, நான்கு, பன்னிரண்டு என்ற வரிசையில் எடுங்கள். நடுவில் உள்ளவற்றை நல்ல உரையோடு பிறகு படிக்கலாம். அதற்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்ற பேருரை ஆழமானது, ஆனால் தருக்கச் சொற்கள் பழகாதவருக்கு முதல் பத்துப் பக்கமே சுவர்போல் நிற்கும். அதைக் கடைசிக்கு வையுங்கள். அப்பர் பதிகத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், பத்துப் பாட்டுதான். அப்பாவுக்குக் கேட்கப் பிடிக்குமென்றால் சத்தமாகவே படியுங்கள்.